கூடைக்கு முன்னால் இருவர்

ஹந்தானைத் தோட்டம்,
1934 ஜூலை 10.

முனாபுக்கு,

நேற்றுப் பேராதனைக்கு இறங்கியபோது நம் பள்ளிக்கூடத்து ஜமால்தீன் மாஸ்டர் வழியில் நிறுத்திச் சொன்னார். சனிக்கிழமை கண்டிக் கல்லூரியில் கூடைப்பந்துக்கு ஆள் எடுத்தார்களாம், நீ போய் ஆடினாயாம், அன்றே உன்னைச் சேர்த்துக்கொண்டார்களாம். கட்டணம் இல்லை, விடுதியில் சாப்பாடு, இரண்டு வருடப் படிப்பு. பிறகு, "உடம்பு இப்ப எப்படி?" என்று கேட்டார். அப்பாவைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, இருமல் குறைந்திருக்கிறது என்றேன்.

எனக்குச் சந்தோஷம். இதை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டு மூன்றாவது முறை எழுதுகிறேன். முதல் இரண்டு முறையும் அது முழு உண்மையாக இருக்கவில்லை.

மூன்று வருடம் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கூடையைக் காத்தோம். பந்தைக் கூடையில் போடுகிறவனுக்குத்தான் கைதட்டு. மறிக்கிற கார்டை யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தேன். பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள் போலும்.

முன்பே தெரிந்திருந்தால் வந்திருப்பேன். கோட்டுக்கு வெளியே நின்று சத்தமாவது போட்டிருப்பேன். அன்றைக்கு யாரை மறித்தாய், என்ன செய்யச் சொன்னார்கள், எல்லாவற்றையும் எழுது. இங்கே அப்பாவுக்குப் பதிலாகத் தோட்டத்து மருந்துச்சாலையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். டிஸ்பென்சர் யாகப்பர் எழுந்து வரும்வரை டிஸ்பென்சர் மகன்தான் டிஸ்பென்சர்.

லோரன்ஸ்


கல்லூரி விடுதி, கண்டி,
1934 ஜூலை 25.

அன்பன் லோரன்ஸுக்கு, அப்பாவின் சுகத்தையும் உன் சுகத்தையும் வேண்டி முனாப் எழுதுவது.

இங்கே எல்லாம் மணிக்குத்தான் நடக்கிறது. எழும்ப ஒரு மணி, குளிக்க ஒரு மணி, தின்ன ஒரு மணி. கூடைப்பந்துக்கென்று தனியாகச் செம்மண் களம் இருக்கிறது. இரண்டு முனையிலும் பலகை, இரும்பு வளையம், அதில் உண்மையான வலை. நம் பள்ளிக்கூடத்து வளையம் பீப்பாய்க்குப் போடும் பட்டை என்பதை இவர்களிடம் சொல்லவில்லை.

பயிற்சி தருகிறவர் சேதுராமன் ஸேர். சென்னைக்காரர். முதல் நாளே, "கார்ட் பந்தைப் பிடிக்கறவன் இல்லடா, ஆளைப் பிடிக்கறவன்" என்றார். அணியில் நான் எட்டாவது. ஐந்து பேர்தான் ஆடலாம். முதல் ஐந்தில் உள்ள இரண்டு கார்டுகளும் என்னைவிட ஒரு தலை உயரம். ஒவ்வொரு முறை கூடை விழுந்ததும் பந்தை நடுவில் கொண்டுபோய் மேலே எறிகிறார்கள் அல்லவா, அங்கே எனக்கு வானம்தான் தெரிகிறது.

உம்மா தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் கொடுத்துவிட்டிருந்தார். ஒரு தட்டு நிறைய. விடுதிக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் தட்டு மட்டும்தான் மிச்சம். அடுத்த முறை அதைப் பெட்டியில் பூட்டி வைப்பேன். வாப்பா கெலிஓயாக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "மகன் கண்டியில படிக்கிறான்" என்கிறாராம். வீட்டில், "பந்தடிக்கிறதுக்கும் ஒரு படிப்பு ஈக்கிதா?" என்கிறார்.

அன்றைக்கு நடந்ததில் எழுத ஒன்றுமில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன்.

முனாப்


ஹந்தானை,
1934 ஆகஸ்ட் 19.

முனாபுக்கு,

தொதலுக்கு ஐந்து வரி எழுதியிருக்கிறாய். தேர்வுக்கு ஒரு வரி. நான் கேட்டது தேர்வை.

உயரத்தை நினைத்துக் கவலைப்படாதே. நீ எப்போதும் பந்தைப் பார்க்கிறாய். அதுதான் உன் குறை. எதிராளியின் கண்ணும் தோளும் ஏமாற்றும். இடுப்பைப் பார். அது திரும்பாமல் அவன் எங்கும் போக முடியாது. இன்னொன்று. நான் செய்வதை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் செய்து பார்த்ததில்லை. வலது பக்கம் அரை அடி வழி விட்டு நில். ஆள் அசந்திருக்கிறான் என்று அவன் அங்கே காலை வைப்பான். வைத்த பிறகு மூடு. அவசரப்பட்டு முன்னாலேயே மூடினால் பவுல் ஆகிவிடும்.

அப்பாவுக்கு மறுபடி நெஞ்சு வலி. நான் வேறு எங்கும் படிக்கப் போகும் நிலையில் இல்லை. நீயாவது போனாயே என்று அவர்கூடச் சொன்னார்.

லோரன்ஸ்


கண்டி,
1934 செப்டம்பர் 30.

லோரன்ஸ்,

நேற்று என் முதல் ஆட்டம். கொழும்பிலிருந்து வந்த அணியோடு. எங்கள் கார்ட் ஒருவன் நான்காவது பவுலுக்கு வெளியே அனுப்பப்பட்டான். ஸேர் வரிசையை இரண்டு தடவை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எட்டு நிமிடம் மிச்சம். அவர்களுடைய நெட்டையன் அதுவரை ஒன்பது புள்ளி எடுத்திருந்தான். இடுப்பைப் பார்த்தேன். அரை அடி விட்டேன். காலை வைத்தான், மூடினேன். ஒரே இடத்தில் மூன்று முறை பந்தை இழந்தான். பத்தொன்பதுக்குப் பதினேழு என்று வென்றோம். பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு விடுதிவரை போனார்கள்.

ஸேர் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த அரை அடி யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஹந்தானையில ஈக்கிற என்ட கூட்டாளி, ஸேர்."

"அன்னிக்கு உடம்பு சரியில்லைன்னு வராம இருந்தானே, அவனா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்கவில்லை. அப்படிச் சொன்னவன் நான். தேர்வுக்கு அழைத்த கடிதம் நம் இருவர் பெயருக்கும்தான் வந்தது. இடம் ஒன்றே, இருவரும் வந்து ஆடட்டும், ஒருவரை எடுப்போம் என்று எழுதியிருந்தது. வியாழக்கிழமை ஜமால்தீன் மாஸ்டர் அதை என்னிடம் தந்து லோரன்ஸிடம் கொண்டுபோய்க் காட்டு என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹந்தானைக்கு ஏறினேன். மருந்துச்சாலை தெரியும் இடம்வரை வந்துவிட்டேன். நீ வாசலில் குந்தியிருந்து ஒரு பிள்ளையின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நீ வந்தால் அந்த இடம் உனக்குத்தான் என்று எனக்குத் தெரியும். கூப்பிடாமல் இறங்கிவிட்டேன். மறுநாள் மாஸ்டரிடமும் ஸேரிடமும் உனக்குக் காய்ச்சல் என்றேன்.

உன் முறையால் வென்றுவிட்டு உன்னைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டு நிற்க முடியவில்லை. இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியாததால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முனாப்


ஹந்தானை,
1934 அக்டோபர் 7.

முனாப்,

கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

"என்னப்பா எழுதியிருக்கான் கூட்டாளி?" என்று அப்பா கேட்டார். ஜெயித்தானாம் என்றேன். சந்தோஷப்பட்டார். தன் நோயால்தான் எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை என்று மூன்று மாதமாக அவர் மருகிக்கொண்டிருக்கிறார். நானும் அதை மறுத்துப் பேசவில்லை. உள்ளே அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். இன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று சொல்லவில்லை.

நீ என்னோடு ஆடி, என்னை முந்தி, அந்த இடத்தை எடுத்திருக்கலாம். நான் கைகொடுத்திருப்பேன். நான் ஜெயித்திருந்தால் நீ கொடுத்திருப்பாய். உன்னை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இனி எழுத வேண்டாம்.

லோரன்ஸ்


கண்டி,
1934 நவம்பர் 18.

லோரன்ஸுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு செய்தி இருப்பதால் எழுதுகிறேன். அதைப் படித்தபின் அடுப்பில் போட்டாலும் சரி.

சேதுராமன் ஸேரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைலேருந்து நீ ஆட வேண்டாம்" என்றார். ஐந்து வாரமாகக் களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது என் வேலை. நேற்றுக் கூப்பிட்டு, டிசம்பர் முதலாம் தேதி, சனிக்கிழமை, நீ வந்து ஆடலாம் என்றார். "அவன் நன்னா ஆடினா இடம் அவனுக்கு. இருக்கறது ஒரு இடம்தான். புரியறதா?"

புரிகிறது என்றேன். வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் கடையில் ஆள் இருந்ததையும் பார்க்கவில்லை. "பொய் சொல்லிப் பிடிச்ச எடம் நமக்கு வாணாம் மகன். அந்தப் புள்ள போகட்டும். நீ வந்து கடயில நில்லு" என்றார். அவர் இப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீ வா. என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் அன்றைக்கு நான் களத்துப் பக்கமே வரமாட்டேன்.

முனாப்


கண்டி,
1934 டிசம்பர் 12.

லோரன்ஸுக்கு,

நீ வரவில்லை. ஸேர் ஐந்து மணிவரை காத்திருந்தார்.

மாவனல்லைப் பக்கம் மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாகப் பரவுகிறது என்று கேள்விப்பட்டிருப்பாய். சமைக்கக்கூட ஆள் இல்லாத வீடுகள் இருக்கின்றனவாம். கல்லூரியிலிருந்து பன்னிரண்டு பேர் நாளைக்குப் போகிறோம். உம்மா அழுகிறார். நோன்பு மாதம் வேறு. "நீ போய் என்ன செய்யப் போறாய்?" என்று வாப்பா கேட்டார். தண்ணீர் சுமக்கத் தெரியும், கஞ்சி காய்ச்சத் தெரியும் என்றேன். அவர் அதற்குமேல் தடுக்கவில்லை.

போகுமுன் உனக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது.

முனாப்


காய்ச்சல் நிலையம், மாவனல்லைக்கு அப்பால்,
1935 ஜனவரி 14.

முனாபுக்கு,

நான் தூரத்துக் கிராமத்துக்குப் போயிருந்த நேரத்தில் உன்னை லொறியில் ஏற்றிவிட்டார்கள். நல்லபடியாகக் கெலிஓயா சேர்ந்தாய் என்றும், பெருநாளைக்கு வீட்டில் இருந்தாய் என்றும் டிரைவர் சொன்னான்.

நான் இங்கே வந்தது உனக்காக அல்ல. மருந்து கலக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று தோட்டத்துக்குச் செய்தி வந்தது. அப்பா எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். "நான் இங்க பாத்துக்கிறேன். நீ போயிட்டு வாப்பா, அங்கதான் ஆள் வேணும்" என்று அனுப்பினார். வந்து, நிலையமாக்கியிருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்தால் மூன்றாவது பாயில் நீ கிடந்தாய்.

நினைவிருக்கிறதோ என்னவோ, நோன்பு என்று சொல்லிக் கொயினா மருந்தைத் துப்பினாய். நோயாளிக்கு விலக்கு உண்டு, பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பள்ளிவாசல் லெப்பையே வந்து சொன்ன பிறகும் வாயைத் திறக்கவில்லை. மூக்கைப் பிடித்து ஊற்றினேன். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. கிறிஸ்மஸ் காலையில் ஏழு பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து உன் நெற்றியைத் தொட்டேன். வியர்த்திருந்தது. அந்தக் கிறிஸ்மஸுக்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

நீ விழுவதற்கு முன் ஒரு நாளைக்குப் பதினொரு வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தாய் என்று இங்குள்ளவர்கள் சொன்னார்கள். ஒரு கிழவி உன்னைக் கேட்டு இன்னமும் வாசலுக்கு வருகிறாள்.

டிசம்பர் முதலாம் தேதி ஏன் வரவில்லை என்று பாயில் கிடந்தபடி கேட்டாய். உன் இடத்தை நீ அபராதம் போலக் கட்ட, நான் அதை வாங்கிக்கொள்வதா? அது எனக்கு வேண்டாம். ஸேருக்கும் அப்படியே எழுதிப் போட்டுவிட்டேன். உன்னைத் திரும்பச் சேர்ப்பதும் சேர்க்காததும் அவர் இஷ்டம்.

எனக்கு வேண்டியது வேறு. இங்குள்ள டாக்டர் என்னைக் கொழும்பில் அப்போதிக்கரி வகுப்புக்கு, அதாவது உதவி டாக்டர் படிப்புக்கு, எழுதச் சொல்கிறார். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, முனாப். இங்கே வந்துதான் அது தெரிந்தது. ஆகஸ்டில் பரீட்சை. என் இங்கிலீஷ் போத்தல் லேபிளில் படித்த இங்கிலீஷ். உனக்கு நல்ல வாத்தியார் இருக்கிறார். பாடங்களை எழுதி அனுப்பு.

கோபம் போய்விட்டதா என்று காய்ச்சலில் பிதற்றினாய். முழுதாகப் போகவில்லை. குறைந்திருக்கிறது. இந்தக் காய்ச்சலைப் போல அதுவும் திரும்ப வரலாம். வந்தால் மறைக்காமல் எழுதுகிறேன்.

தினமும் நட. முதல் வாரம் கடைத்தெருவரை, அடுத்த வாரம் பேராதனைப் பாலம்வரை. மருந்தை நிறுத்தாதே.

லோரன்ஸ்


கண்டி,
1935 மார்ச் 24.

அன்பன் லோரன்ஸுக்கு, உன் சொல்படி நடந்து நடந்து கால் வந்துவிட்ட முனாப் எழுதுவது.

மூன்று வாரமாக மறுபடியும் விடுதியில் இருக்கிறேன். வாப்பாவே கொண்டுவந்து விட்டார். ஸேர் உன் கடிதத்தை மேசையில் வைத்து, "இதை எழுதினவனுக்காக உன்னை எடுத்துக்கறேன். உனக்காக இல்ல. நீ தகுதியானவன்னு இனி ஆடிக் காட்டு" என்றார். இப்போது அணியில் பத்தாவது. பத்துப் பேர்தான் இருக்கிறோம். களத்தை இரண்டு முறை சுற்றினால் கண் இருட்டுகிறது. இருந்தாலும் மூன்றாவது சுற்றும் ஓடுகிறேன்.

இதோடு இலக்கணம் பதினான்கு பக்கம், கட்டுரை மூன்று. வாத்தியார் யாருக்கென்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். இப்போதெல்லாம் அது சுலபமாக வருகிறது. நீ எழுதிய பதிலை அனுப்பினால் திருத்தித் தருவதாகச் சொன்னார். சென்ற கட்டுரையில் மண்ணீரலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். தலைப்பு 'ஒரு ரயில் பயணம்'. கொஞ்சம் ரயிலையும் எழுது.

முனாப்


ஹந்தானை,
1935 செப்டம்பர் 29.

முனாபுக்கு,

தேறிவிட்டேன். இங்கிலீஷில் அறுபத்திரண்டு. நாளை மறுநாள் கொழும்புக்குப் போகிறேன். செய்தி வந்ததும் அப்பா எழுந்தார். அலுமாரியைத் திறந்து தன் கறுப்புக் கோட்டை எடுத்து என் தோளில் வைத்து அளவு பார்த்தார். கை நீளம். அவரே உட்கார்ந்து தைத்துச் சின்னதாக்கினார்.

போன மாதம் ஒரு நாள் கோபம் திரும்ப வந்தது. உன் அணி கொழும்பில் வென்றதாகப் பத்திரிகையில் பார்த்த அன்று. இரண்டு நாள் உன் பாடத்தைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தேன். சொல்கிறேன் என்று சொன்னதால் சொல்கிறேன்.

நீ இப்போது எத்தனையாவது?

லோரன்ஸ்


கண்டி,
1936 ஆகஸ்ட் 23.

லோரன்ஸுக்கு,

நேற்று ஆட்டம் முடிந்ததும் எங்களை நேரே ரயிலுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். கை கொடுத்ததோடு சரி, பேச முடியவில்லை.

போன வருடம் நீ கேட்டபோது ஏழாவது என்று எழுதினேன். இந்த வருடம் முதல் ஐந்தில் வந்து, தலைவனும் ஆகி, இனி யாரையும் பார்த்துப் பயமில்லை என்று கொழும்புக்கு வந்தேன். எதிரே மருத்துவ மாணவர் அணியில் நீ கார்டாக நின்றாய். இரவல் சப்பாத்து என்பது தூரத்திலேயே தெரிந்தது.

இரண்டாம் பாதியில் நான்காவது பவுலுக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் களத்து ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்து உன்னைப் பார்த்தேன். நம் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் நின்றேனே தவிர உன்னை உட்கார்ந்து பார்த்ததில்லை. எங்கள் அணியில் கூடை போடுகிற மூன்று பேரும் மாறி மாறி வந்தும் உன்னைத் தாண்ட முடியவில்லை. தோற்றது நியாயம்.

பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தெளிவாகிவிட்டது. அன்றைக்கு நீ வந்திருந்தால் ஸேர் உன்னைத்தான் எடுத்திருப்பார். இரண்டு வருடமாக, ஒருவேளை நான் ஜெயித்திருப்பேனோ என்று ஒரு மூலையில் வைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

இன்னொரு செய்தி. திகனவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தை மாதத்திலிருந்து இங்கிலீஷ் வாத்தியார் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். உனக்கு எழுதிய பதினான்கு பக்கத்தின் பிரதியைக் காட்டித்தான் வாங்கினேன். களம் போட இடம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு வயல் இருக்கிறது, தண்ணீர் வற்றினால் தருகிறோம் என்கிறார்கள்.

முனாப்


கொழும்பு,
1936 டிசம்பர் 12.

முனாபுக்கு,

பரீட்சை நடந்ததால் பதில் தாமதம். இரண்டு விஷயம்.

உன் கடிதம் வந்த அடுத்த வாரம் சேதுராமன் ஸேர் ஒரு வேலையாக இங்கே வந்திருந்தார். என்னைத் தேடி வந்து பேசினார். நான் நேரே கேட்டேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் வந்திருந்தால் யாரை எடுத்திருப்பீர்கள் என்று. "தெரியாதப்பா. ரெண்டு பேரையும் ஆட விட்டுப் பாத்திருந்தாத்தானே தெரியும்" என்றார். அவருக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. ஆகவே உனக்கும் தெரியாது. முன்பு ஒரு முறை எனக்காக நீ தீர்மானித்தாய். மறுபடியும், என் பக்கமாகவே இருந்தாலும், தீர்மானிக்க வேண்டாம்.

அந்தக் கோபம் ஆறு மாதமாக வரவில்லை. இனி வராது என்று நினைக்கிறேன். அப்போதிக்கரி ஆகப்போகிறவன் சொல்கிறேன், நம்பு.

மற்றது. சென்னையிலிருந்து வரும் அணியோடு ஆட மலைநாட்டு அணிக்கு ஸேர் ஆள் சேர்த்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை கண்டியில் ஆட்டம். பட்டியல் எனக்கும் வந்தது. ஹந்தானைக்காரன் எங்கே படித்தாலும் மலைநாட்டுக்காரன்தான் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார். கார்ட் இரண்டு பேர்: முனாப், லோரன்ஸ். அப்பா முதல் முறையாக என் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார். உன் வாப்பாவையும் அழைத்து வா. இருவரும் பக்கத்தில் உட்காரட்டும்.

ஆனால் எனக்கு வலது பக்கம் என்று போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே வலது பக்கம் உன்னுடையது என்று நீ சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நான் விட்டுத்தரப் போவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. நேரிலேயே சண்டை போட்டுக்கொள்ளலாம்.

லோரன்ஸ்